விசிட்டிங் கார்டில் கலைஞர், அருங்காட்சியகத்தில் வடிவமைப்பாளர்: சூசன் கேரின் மேக்கின்டாஷ் ஐகான்கள்

1983 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் கணினிக் குழுவில் சேர்ந்த சூசன் கேரின் விசிட்டிங் கார்டில் அவருடைய பதவி 'மேக்கின்டாஷ் கலைஞர்' என்று அச்சாகியிருந்தது. அந்த நாள்களில் அவர், திரையில் தோன்றும் சிறு படங்களான ஐகான்களுக்காகப் பேனாவால் கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருந்த கிராஃப் தாள் நோட்டுகளை 2015-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோது, அவை ஓவியப் பிரிவுக்குச் செல்லவில்லை. கட்டடக்கலை, வடிவமைப்புப் பிரிவு நடத்திய கண்காட்சியில் இடம்பெற்றன. கணினி விற்கிறவர்கள் அவரைக் கலைஞர் என்றார்கள். கலையைச் சேகரிக்கிறவர்கள் வடிவமைப்பாளர் என்றார்கள். இரு தரப்பும் பேசியது அதே நோட்டுகளைப் பற்றித்தான்.

கணினித் திரைக்காகப் படைப்பு வேலை செய்கிறவர்களிடையே, கலை என்பது தன் உள்ளத்தை வெளிப்படுத்துவது, வடிவமைப்பு என்பது பிறர் சிக்கலைத் தீர்ப்பது என்ற பிரிவினை வெகு காலமாக வழக்கில் இருக்கிறது. வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க வசதியான பிரிவினை அது. ஆனால் உண்மையான ஒரு வேலையின் மேல் வைத்துப் பார்த்தால் எங்கே வெட்டுவது என்று தெரியாமல் கத்தி தடுமாறும். கேரின் ஐகான்களை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்த வேலையின் அளவு மிகச் சிறியது என்பதே. ஒவ்வொரு சதுரத்தையும் எண்ணிப் பார்க்க முடியும் என்பதால், எந்தச் சதுரம் எதற்காகக் கறுத்தது என்று ஓரளவு சொல்லிவிடவும் முடியும்.

பின்னணி

கேர் கணினித் துறையில் பயின்றவர் அல்லர். 1978-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முனைவர் பட்டத்துக்கான ஆய்வு, ஓனோரே டோமியே, கிளாஸ் ஓல்டன்பர்க் ஆகிய இருவரின் சிற்பங்களில் கேலிச்சித்திரத் தன்மை எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியது. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகப் பணி. 1982-இல், பள்ளித் தோழரும் மேக்கின்டாஷ் குழுவின் முக்கிய நிரலாளருமான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடமிருந்து அழைப்பு வந்தபோது, அவர் ஆர்கன்சா மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்றுக்காக முழு அளவுக் காட்டுப்பன்றிச் சிற்பத்தை உலோகத்தில் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

பன்றிக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆய்வுத் தலைப்பைத்தான் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்து விடுகிறார்கள். எனக்கு அந்தத் தலைப்பில்தான் இந்த நிகழ்வின் பாதி விளக்கம் இருப்பதாகப் படுகிறது. டோமியே 1830-களில் பிரெஞ்சு அரசியல்வாதிகளின் சிறு தலைச்சிலைகளைக் களிமண்ணில் பிடித்தார். ஒரு மூக்கையோ தாடையையோ மிகைப்படுத்தி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, ஆளை அடையாளம் காட்டிவிடுவது அவருடைய முறை. ஓல்டன்பர்க்கோ துணி உலர்த்தும் கிளிப்பையும் ஹாம்பர்கரையும் பிரம்மாண்டமாகச் செய்து வைத்தவர். யாரும் திரும்பிப் பார்க்காத வீட்டுப் பொருளுக்கு ஒரு முகம் உண்டு என்று காட்டியவர். எதை விட்டாலும் ஆள் தெரிவார் என்ற கேள்வியிலும், சாதாரணப் பொருளின் முகம் எது என்ற கேள்வியிலும் ஆண்டுக்கணக்கில் ஊறிய ஒருவர், கத்தரிக்கோலையும் வாளியையும் கைக்கடிகாரத்தையும் நகக்கண் அளவில் வரைய உட்கார்ந்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அவருடைய கலைப் பயிற்சி வடிவமைப்பு வேலைக்கு மேற்பூச்சாகச் சேர்ந்த ஒன்றன்று. அந்த வேலைக்கு வேண்டிய கருவியே அதுதான்.

1,024 சதுரங்கள்

மேக்கின்டாஷின் திரை ஒன்பது அங்குலம். குறுக்கே 512, நெடுக்கே 342 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாக இருக்கலாம் அல்லது வெள்ளையாக இருக்கலாம், சாம்பல் நிறம் கிடையாது. அந்த ஒரு திரையை நினைவகத்தில் வைத்திருக்க மட்டும் 21,888 பைட் செலவாயிற்று, அதாவது கணினியின் மொத்த 128 கிலோபைட் நினைவகத்தில் ஆறில் ஒரு பங்கு. ஓர் ஐகானுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32-க்கு 32 புள்ளிகள், மொத்தம் 1,024. எண்பதுகளின் வேறு பல கணினிகளோடு ஒப்பிட்டால் இதில் பெரிய வசதி ஒன்றிருந்தது. ஆப்பிளின் முந்தைய கணினியான லிசாவைப் போலன்றி, மேக்கின்டாஷின் புள்ளிகள் உண்மையிலேயே சதுரமானவை. தாளில் கட்டம் எப்படியோ திரையிலும் அப்படியே.

சேர்வதற்கு முன்பே கேர் இந்த வேலையைத் தாளில் தொடங்கிவிட்டார். கிடைப்பதிலேயே சிறிய கட்டமுள்ள கிராஃப் தாளை வாங்கி, 32-க்கு 32 என்று எல்லை வரைந்து, கட்டங்களை நிரப்பிப் பார்க்கும்படி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் சொன்னார்; பிறகு திரையிலேயே வரைவதற்கு ஒரு ஐகான் எடிட்டரையும் எழுதிக்கொடுத்தார். மொசைக் தரைகளும், இழையெண்ணித் தைக்கும் பூத்தையலும் தமக்கு முன்பே பழக்கம் என்பதால் இந்தப் புள்ளி வேலை அந்நியமாகத் தோன்றவில்லை என்று கேர் பலமுறை சொல்லியிருக்கிறார். கிராஸ் ஸ்டிச் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: வளைகோடு என்பது அங்கே கிடையாது, வளைவுபோலத் தோன்றும் படிக்கட்டுத்தான் உண்டு. எந்தப் படியில் ஒரு கட்டம் கூட்டுவது, எதில் குறைப்பது என்பதே முழுக் கலையும்.

கணினியை இயக்கியதும் தோன்றிய சிரித்த முகத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கணினிப் பெட்டியின் எளிய கோட்டுருவம். அதன் திரைக்குள் கண்ணுக்கு இரண்டு குட்டிச் செங்குத்துக் கோடுகள், கீழே கொக்கிபோல் மடங்கும் ஒரு மூக்கு, இரு ஓரமும் ஒரு படி ஏறிய வாய். பெட்டியின் கீழ்ப்பகுதியில் நெகிழ்வட்டு (ஃபிளாப்பி) நுழையும் பிளவைக் காட்டும் சிறு கோடு. அவ்வளவுதான். இந்தப் படம் சொல்லவேண்டிய தொழில்நுட்பச் செய்தி, 'வன்பொருள் சோதனை முடிந்தது, இயங்குதளம் ஏறுகிறது' என்பது. அதைச் சொல்ல ஒரு சரிக்குறி போதும். ஆனால் 1984 ஜனவரி 24-இல் 2,495 டாலர் விலையில் அறிமுகமான அந்தப் பெட்டி, அதுவரை கணினியைத் தொட்டிராதவர்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பொத்தானை அழுத்தியதும் ஏதாவது கெட்டுப்போய்விடுமோ என்ற அச்சம்தான் அவர்களுடைய உண்மையான சிக்கல். அந்தச் சிரிப்பு அச்சத்துக்கு மருந்து. ஆகவே அந்த வாயின் இரு ஓரத்திலும் ஏறிய கட்டங்கள் வெளிப்பாடும் ஆகும், தீர்வும் ஆகும். வன்பொருள் பழுதானால், கண்ணுக்குப் பதில் பெருக்கல் குறிகளும் கவிழ்ந்த வாயுமாக வேறொரு முகம் வந்தது. அதன் கீழே ஒரு பிழை எண் இருக்கும். முகம் வாங்கியவருக்கு, எண் பழுதுபார்ப்பவருக்கு.

எழுத்துருக்களிலும் இதையே காணலாம். மெனுக்களுக்காக அவர் வரைந்த சிகாகோ எழுத்துருவில் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவை தவிர வேறு கோடு இல்லை. மற்றச் சாய்வுகள் அந்தத் திரையில் பல்லிளித்தன. செங்குத்துக் கோடுகள் இரண்டு புள்ளித் தடிமன் கொண்டவை. இதைப் பார்வை அழகுக்காக என்று எண்ணிவிடக் கூடாது. பயன்படுத்த முடியாத நிலையிலுள்ள கட்டளையை மங்கலாகக் காட்ட, எழுத்தின் புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அழிப்பதுதான் சாம்பல் நிறமற்ற திரையில் இருந்த ஒரே வழி. ஒற்றைப் புள்ளிக் கோடாக இருந்தால் எழுத்து சிதைந்துவிடும், இரட்டைக் கோடாக இருந்ததால் பாதி அழிந்த பின்னும் படிக்க முடிந்தது. இதற்கு மேல், ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய அகலம் தரப்பட்டிருந்தது. அன்றைய பெரும்பாலான கணினிகளில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான். 'ர'வையும் 'ணை'யையும் ஒரே பெட்டிக்குள் திணித்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கும் தமிழருக்கு இந்த மாற்றத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை. 2001-இல் ஐபாட் வந்தபோது அதன் சின்னஞ்சிறு திரைக்கு அதே சிகாகோ திரும்ப அழைக்கப்பட்டது.

வாளியும் பூனையும்

வரையப்பட்ட உருவுக்குள் இயக்கம் எப்படிப் புகுந்து ஆட்சி செய்கிறது என்பதற்குச் சிறந்த சான்று, பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் நிரலில் வரும் வண்ண வாளி. மூடிய ஒரு பரப்பை ஒரே சொடுக்கில் நிரப்புவது அதன் வேலை. கருவிப் பெட்டியில் அதைத் தேர்ந்ததும் சுட்டியே வாளியாக மாறிவிடும். சுட்டிக்குக் கிடைத்த இடம் 16-க்கு 16, வெறும் 256 சதுரங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் 'சொடுக்கு விழும் இடம்'. எனவே வாளி நிமிர்ந்து நிற்க முடியாது. அது சாய வேண்டும், உள்ளிருப்பது வழிய வேண்டும், வழிவது ஒரு முனையில் முடிய வேண்டும், அந்த முனையே சொடுக்கு விழும் இடமாக இருக்க வேண்டும். ஓவியத்தின் அமைப்பை முடிவு செய்தது ஒரு சதுரத்தின் பொறுப்பு. பக்கத்திலிருந்த, படத்தின் ஒரு பகுதியை வளைத்துத் தேர்ந்தெடுக்கும் சுருக்குக் கயிற்றின் தொங்கும் நுனியும் அப்படியே. வண்ணம் பூசும் உருளை போன்ற வேறு உருவங்களையும் வரைந்து பார்த்து, பார்த்தவர்களுக்கு எளிதில் பிடிபட்டது வாளிதான் என்பதால் அதைக் கேர் வைத்துக்கொண்டார். மற்றவை மோசமான ஓவியங்கள் என்பதால் கழிக்கப்பட்டவை அல்ல.

இங்கேதான் இரண்டு வெவ்வேறு சோதனைகள் இருப்பது தெரிகிறது. 'இது வாளிபோல் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா' என்பதை வரைந்தவரே மேசையில் தீர்மானித்துவிடலாம். 'இதைப் பார்த்தால் நிரப்பத் தோன்றுகிறதா' என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. அடுத்த அறையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். கலை, வடிவமைப்பு என்று நாம் பிரிப்பது இரு வகை மனிதர்களையோ இரு வகைத் திறமைகளையோ அன்று, ஒரே 256 சதுரங்களின் மேல் கேட்கப்படும் இந்த இரு கேள்விகளைத்தான் என்பது என் வாதம்.

முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் விழுந்ததற்கும் நோட்டில் சான்று உண்டு. 'நகலெடு' என்ற கட்டளைக்குக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பூனையை வரையக் கேர் முயன்றிருக்கிறார். பிறரைப் பார்த்து அப்படியே செய்கிறவரைப் பூனையோடு சேர்த்துக் கேலி செய்யும் ஆங்கில வழக்கிலிருந்து வந்த நகைச்சுவை அது. அந்த மொழிக்குள் வளராதவருக்குக் கண்ணாடி முன் ஒரு பூனை நிற்கும், அவ்வளவே. பூனை போயிற்று, மெனுவில் 'நகலெடு' என்பது சொல்லாகவே நின்றது. எல்லாவற்றையும் படமாக்கிவிட வேண்டும் என்று இன்றைய கைபேசிச் செயலிகள் காட்டும் ஆர்வத்தைப் பார்க்கும்போது, சொல்லைச் சொல்லாகவே விட்ட அந்த முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

வரையாமல் தேடி எடுத்தது

மெனுக் கட்டளைகளை விசைப்பலகையிலிருந்தே தர உதவும் கட்டளை விசைக்கு முதலில் ஆப்பிளின் சின்னமே இருந்தது. மெனுவின் ஒவ்வொரு வரியிலும் அது திரும்பத் திரும்பத் தோன்றியது. நிறுவனச் சின்னத்தை இப்படி இறைக்கக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் தடுத்துவிட்டார். உடனே வேறு குறி வேண்டும். கேர் புதிதாக எதையும் வரையவில்லை. உலகச் சின்னங்களின் தொகுப்பொன்றைப் புரட்டி, நான்கு மூலையிலும் கண்ணியிட்ட ஒரு சதுரத்தை எடுத்தார். சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைச் சுட்டும் சாலைப் பலகைகளில் இருந்த குறி அது. கட்டளை என்ற கருத்துக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அதுவே அதன் தகுதியாகவும் அமைந்தது. அர்த்தம் முன்கூட்டியே குடியேறாத வீடு என்பதால் புதிய அர்த்தம் எளிதாகக் குடிவந்தது. புள்ளிக் கட்டத்திலும் அது சிதையாமல் உட்கார்ந்தது. சிக்கு கோலம் போட்டு வளர்ந்த கண்ணுக்கு, கோடு புள்ளியைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும் அந்த வடிவம் ஏன் மறக்காது என்பதும் தெரியும்.

கலைஞர் என்ற பட்டத்தோடு அமர்ந்தவர் செய்த மிக நீண்ட நாள் நிலைத்த வேலை, வரையாமல் தேர்ந்தெடுத்ததுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்வு கலையா என்று கேட்டால், 1,024 கட்டங்களில் எதைக் கறுப்பாக்குவது என்பதும் தேர்வுதானே என்று திருப்பிக் கேட்கலாம்.

வெடிகுண்டும் குப்பைத் தொட்டியும்

நிரல் மீளமுடியாதபடி சிக்கிக்கொண்டால் காட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமென்று கேரிடம் கேட்டார்கள். அதைப் பயனர் யாரும் பார்க்கப்போவதில்லை என்றும் சொன்னார்கள். அவர் திரி எரியும் உருண்டை வெடிகுண்டை வரைந்தார். உண்மையில் அதை எல்லோரும் பார்க்க நேர்ந்தது. கணினி வெடித்துவிடுமோ என்று பதறியவர்களும் உண்டு. படத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. நிரலாளர்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் நகைச்சுவையாக அது முழு வெற்றி. யார் பார்ப்பார்கள் என்ற கணிப்பு தவறியதால் அதே ஓவியம் வடிவமைப்புப் பிழையாயிற்று, ஒரு புள்ளிகூட மாறாமலே.

இதைவிடக் கடினமான வழக்கு குப்பைத் தொட்டி. வேண்டாத கோப்பை இழுத்துக்கொண்டுபோய் அதில் போட்டால் நீங்கும். உருவும் செயலும் ஒத்துப்போயின. ஆனால் மேக்கின்டாஷில் வட்டை வெளியே எடுக்கவும் வட்டின் ஐகானை அதே தொட்டிக்கு இழுத்துப் போடும் வழி ஒன்று வைத்திருந்தார்கள். தன் மொத்த வேலையும் அடங்கிய வட்டைக் குப்பையில் போடு, அது பத்திரமாக வெளியே வரும் என்று சொன்னால் எவர் கை துணியும்? படம் 'அழிப்பேன்' என்கிறது, நிரல் 'திருப்பித் தருவேன்' என்கிறது. எத்தனையோ ஆண்டுகள் மேக்கின்டாஷ் பயனர்களை உறுத்திய முரண் இது. பிந்தைய மேக் இயங்குதளத்தில், வட்டை இழுக்கும் நேரத்தில் தொட்டியே வெளியேற்றும் குறியாக மாறும்படி செய்து சரிப்படுத்தினார்கள். தொட்டி சுமாராக வரையப்பட்டிருந்தால் இவ்வளவு அச்சம் எழுந்திருக்காது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. நல்ல ஓவியம் தன் சொல்லை உரக்கச் சொல்லும். அடியிலுள்ள நிரல் வேறொன்றைச் செய்யும்போது அந்த உரத்த குரலே தொல்லையாகிவிடுகிறது.

எதிர்த் திசையிலும் ஒரு சிறு கதை நடந்தது. கெய்ரோ என்ற பட எழுத்துருவில் கேர் ஒரு நாயை வரைந்திருந்தார். அது நாயா பசுவா என்று பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பின்னர் அச்சுப்பொறி அமைப்புப் பெட்டியில், தாள் நெடுக்காகவா குறுக்காகவா, இடவலம் மாறியா தலைகீழாகவா என்பதைக் காட்ட ஒரு மாதிரிப் படம் தேவைப்பட்டபோது அதையே எடுத்துப் போட்டார்கள். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், உடலில் ஒழுங்கற்ற புள்ளிகள் என்று எப்படித் திருப்பினாலும் திருப்பியது தெரியும் உருவம் அது. வேலை ஏதுமின்றி அலங்காரமாகப் பிறந்தது, வேறொருவர் கையில் கருவியாயிற்று.

நீதிமன்றத்தில்

கலையையும் வடிவமைப்பையும் கத்தியால் பிரித்தே ஆகவேண்டிய ஓர் இடம் உண்டென்றால் அது பதிப்புரிமை வழக்கு. வெளிப்பாட்டுக்குக் காப்பு உண்டு, கருத்துக்கும் செயல்முறைக்கும் இல்லை. 1988-இல் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மீதும் எச்பி மீதும் தொடுத்த வழக்கில், மேக்கின்டாஷ் இடைமுகத்தின் 189 கூறுகள் பட்டியலிடப்பட்டன. அவற்றில் 179, விண்டோஸ் 1.0 காலத்து ஒப்பந்தத்திலேயே மைக்ரோசாஃப்டுக்கு உரிமம் தரப்பட்டவை என்றும், எஞ்சிய பத்தில் பெரும்பாலானவை ஆப்பிளுக்கே உரியவை அல்ல அல்லது அந்தக் கருத்தைச் சொல்ல வேறு வழியே இல்லாதவை என்றும் முடிவாயிற்று. மேல்முறையீட்டிலும் 1994-இல் அது நிலைத்தது. ஆப்பிளுக்குச் சாதகமாக மிஞ்சியது, எச்பியின் நியூவேவ் மென்பொருளில் இருந்த குப்பைத் தொட்டியும் கோப்புறைப் படங்களுமே. சாளரங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது யாருடைய சொத்தும் அன்று. தொட்டியை இப்படி வரைவது ஒருவருடைய சொத்தாகலாம். சட்டத்துக்கு இந்தப் பிரிவினை தேவை, அதனால் அது பிரித்துக்கொண்டது. பிரித்த பின் கையில் கிடைத்தது இரண்டு மூன்று படங்கள்தாம் என்பதே, திரையில் இயங்கும் பொருளில் வெளிப்பாடு எவ்வளவு தூரம் செயலோடு ஒட்டிக்கிடக்கிறது என்பதற்கு அளவுகோல்.

சீட்டுக்கட்டின் முதுகு

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, தனியாகத் தொழில் நடத்திவந்த கேர், 1990-இல் வெளியான விண்டோஸ் 3.0-க்கு மைக்ரோசாஃப்டுக்காக ஐகான்கள் வரைந்தார். அதில் வந்த சாலிடேர் விளையாட்டின் சீட்டுக்கட்டும் அவருடையது. சீட்டின் முகப்பில் அவருக்குச் சுதந்திரம் மிகக் குறைவு: ஆட்டின் எங்கே, கிளாவர் எங்கே, ராணி எது, ஜாக்கி எது என்று ஆடுபவர் ஒரு கணத்தில் கண்டுகொள்ள வேண்டும்; நூற்றாண்டுகளாகப் பழகிய உருவத்திலிருந்து நகர முடியாது. முதுகிலோ செய்தி எதுவுமே இருக்கக் கூடாது; இருந்தால் ஆட்டமே கெடும். அங்கே வௌவால் பறக்கும் கோட்டை, தென்னையும் சூரியனும் நிற்கும் கடற்கரை, ரோஜாக்கள், ஓர் இயந்திர மனிதன் என்று ஓவியம் மனம்போல் விளையாடியது. ஒரே சீட்டில், முன்பக்கம் கட்டுண்டும் பின்பக்கம் கட்டவிழ்ந்தும் வேலை நடந்திருக்கிறது. கலையும் வடிவமைப்பும் உண்மையிலேயே தனித்தனியாக நிற்பதை இந்த நிகழ்வு முழுவதிலும் இங்கே ஒரே இடத்தில்தான் காண முடிந்தது. அங்கும் அவற்றைப் பிரித்தது வரைந்தவரின் மனநிலை அன்று, ஆட்டத்தின் விதி.

சிரித்த முகம் 2002-இல் மேக் கணினிகளின் தொடக்கத் திரையிலிருந்து நீக்கப்பட்டு, அதனிடத்தில் சாம்பல் நிற ஆப்பிள் சின்னம் வந்தது. வெடிகுண்டும் திரையை விட்டுப் போய்விட்டது. இப்போது அந்தப் பழைய ஐகான்களைக் கேர் நல்ல தாளில் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டும் ஓவியங்களாக விற்கிறார். சுவரில் தொங்கும் வெடிகுண்டைப் பார்த்து எவரும் பதறுவதில்லை. கிட்டே போய் திரியின் தீப்பொறிக்கு எத்தனை சதுரங்கள் செலவாகியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள்.